உரியவர் கைக்கே கடிதம்: ஆளாளுக்கு மின்னஞ்சல் முன்னனுப்பல் அமைக்கும் முறை

நான் பிறந்த தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு இலக்கம் கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிசனின் பெயர், ஹட்டன். எங்கள் முகவரி அவ்வளவுதான். தபால் பை டவுனிலிருந்து தோட்ட ஆபிஸுக்கு வரும். அங்கே கொட்டிப் பிரிப்பார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் மேட்டு லயத்துப் பக்கம் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார்கள். உயர்தரம் முடித்த வருடம் எனக்கொரு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தது. தபால் முத்திரையில் இருந்த திகதிக்கும் அது என் கைக்கு வந்த திகதிக்கும் இடையில் 11 நாள். பரீட்சை முடிந்து 4 நாள் ஆகியிருந்தது. ஆபிஸ் மேசையில் வேறு காகிதங்களுக்கு அடியில் கிடந்ததாகச் சொன்னார்கள். உறையின் மேல் என் பெயர்தான் இருந்தது. ஆனால் அது எந்த வழியாக வர வேண்டும், எங்கே தங்கக் கூடாது என்று சொல்லும் இடத்தில் நான் இருக்கவில்லை.

பிற்காலத்தில் சிறு சங்கங்களுக்கு மின்னஞ்சல் சேர்வர் அமைத்துக் கொடுக்கும் வேலை என் கைக்கு வந்தபோது, முதலில் கற்றுக்கொள்ள விரும்பியது இந்த அத்தியாயத்தின் பாடத்தைத்தான். ஒருவருடைய பெயருக்கு வரும் அஞ்சல் எங்கே போக வேண்டும் என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும். அதற்கு வழி செய்து கொடுப்பது சேர்வர் பொறுப்பாளரின் கடமை. போனில் நாம் ‘ஃபோர்வர்ட்’ என்கிறோமே, அதைத்தான் இங்கே முன்னனுப்பல் என்கிறேன். ஒரு முகவரிக்கு வரும் ஒவ்வொரு அஞ்சலையும் சேர்வரே எடுத்து இன்னொரு முகவரிக்கு அனுப்பிவிடும்.

மலையகத்தில் இது ஏன் முக்கியம்? நம் பிள்ளைகள் ஓரிடத்தில் இருப்பதில்லை. நுவரெலியாவில் படிப்பு, கொழும்பில் கடை வேலை, பிறகு கட்டாரோ குவைத்தோ. சிம் மாறும், போன் மாறும், கடவுச்சொல் மறந்துபோன ஜிமெயில் கணக்கு மாறும். பாடசாலையோ பழைய மாணவர் சங்கமோ கொடுத்த முகவரி மட்டும் மாறாமல் இருந்து, அதற்கு வருவதெல்லாம் அன்றைக்குப் பாவிக்கும் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தால், விண்ணப்பத்தில் எழுதிய முகவரி பத்து வருடமானாலும் உயிரோடு இருக்கும்.

பெயர் முகவரியும் பதவி முகவரியும்

விசைப்பலகையைத் தொடுமுன் ஒரு தாளில் எல்லா முகவரிகளையும் எழுதி இரண்டாகப் பிரியுங்கள்.

முதல் வகை பதவி முகவரிகள்: செயலாளர், பொருளாளர், அதிபர். இவை நிறுவனத்துக்குச் சொந்தம். ஆள் மாறினால் அஞ்சல் புதிய ஆளுக்குப் போக வேண்டும். இவற்றைப் பொறுப்பாளரே மாற்றுப்பெயர்ப் பட்டியலில் வைத்துக்கொள்ளலாம். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் நிரல் ஓடும் சேர்வரில் இதற்கு ‘அலையஸ்’ கோப்பு உண்டு. இடது பக்கம் பதவி, வலது பக்கம் அது போய்ச் சேர வேண்டிய முகவரி. திருத்திய பிறகு ‘நியூஅலையஸஸ்’ கட்டளையை ஓட்ட மறக்காதீர்கள். கோப்பில் எழுதியது அந்தக் கட்டளைக்குப் பிறகுதான் சேர்வருக்குத் தெரியும்.

இரண்டாம் வகை ஆட்களின் பெயரில் உள்ள முகவரிகள். இவற்றை மாற்றுப்பெயர்ப் பட்டியலில் வைத்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவர்கள் உங்களிடம் வந்து நிற்க வேண்டும். நீங்கள் ஊருக்குப் போயிருந்தால் அவர்களின் அஞ்சல் பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருக்கும். ஆபிஸ் மேசையில் கடிதம் கிடந்த கதைதான் மறுபடியும் நடக்கும். ஆகவே இந்த வகைக்குக் கீழே உள்ள இரண்டு வழிகளில் ஒன்றைப் பாவியுங்கள்.

வழி 1: வீட்டுக் கோப்பு

எரிக் ஓல்மன் பெர்க்லியில் எழுதிய சென்ட்மெயில் என்ற அஞ்சல் நிரல் 1980களில் பரவிய காலத்திலிருந்தே இருக்கும் பழைய ஏற்பாடு இது. 1998இல் வீட்ஸே வெனிமா வெளியிட்ட போஸ்ட்ஃபிக்ஸும் இதை அப்படியே ஏற்றுக்கொண்டது. சேர்வரில் ஒவ்வொரு பயனருக்கும் வீட்டு அடைவு ஒன்று இருக்கும். அதற்குள் ‘ஃபோர்வர்ட்’ என்ற பெயரில், பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்து, ஒரு கோப்பை உண்டாக்கினால் போதும். அஞ்சல் வரும் ஒவ்வொரு முறையும் சேர்வர் அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கும்.

1. கோப்பில் ஒரே வரியாக, அஞ்சல் போக வேண்டிய முகவரியை மட்டும் எழுதுங்கள். இப்படி எழுதினால் சேர்வரில் பிரதி தங்காது.

2. சேர்வரிலும் ஒரு பிரதி வேண்டுமென்றால், முதலில் ஒரு பின்சாய்கோடு, அதை ஒட்டி இடைவெளியில்லாமல் உங்கள் சொந்தப் பயனர்பெயர், பிறகு காற்புள்ளி, பிறகு வெளி முகவரி. அந்தப் பின்சாய்கோடு “இதை மறுபடி திருப்பாதே, இங்கேயே போடு” என்று சொல்கிறது.

3. கோப்பு அந்தப் பயனரின் பெயரிலேயே இருக்க வேண்டும். மற்றவர் எழுதக்கூடிய அனுமதி அதில் இருக்கக் கூடாது. ரூட்டாக, அதாவது சேர்வரின் முழு அதிகாரத்தோடு, நுழைந்து உருவாக்கிக் கொடுத்தால் முடிவில் உரிமையைப் பயனருக்கு மாற்றுங்கள். எவரும் எழுதக்கூடிய கோப்பைச் சேர்வர் நம்பாமல் ஒதுக்கிவிடும். “எல்லாம் சரியாகத்தான் எழுதினேன், போகவில்லை” என்று வருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இந்த அனுமதியைத்தான்.

4. இந்தக் கோப்பால் அஞ்சலை ஒரு நிரலுக்கும் ஊட்ட முடியும். சிறு சங்கத்துக்கு அது தேவையில்லை, ஆபத்தும் கூட. போஸ்ட்ஃபிக்ஸ் அமைப்பில் கட்டளைகளுக்கு அஞ்சல் அனுப்பும் அனுமதியிலிருந்து ‘ஃபோர்வர்ட்’ என்ற சொல்லை எடுத்துவிட்டால் கதவு மூடும்.

இந்த வழிக்கு ஒரு குறை உண்டு. சேர்வரில் உண்மையான கணக்கும் வீட்டு அடைவும் உள்ளவர்களுக்கு மட்டுமே இது சரிவரும். தரவுத்தளத்தில் மட்டும் பெயர் இருக்கும் பயனர்களுக்கு அடுத்த வழியே பொருத்தம்.

வழி 2: சீவ் விதி

சீவ் என்பது அஞ்சலைச் சலித்துப் பிரிப்பதற்கென்றே உருவான சிறு மொழி. 2001இல் அதற்குப் பொதுத் தரம் வந்தது, 2008இல் திருத்தப்பட்டது. அஞ்சல் பெட்டிகளைக் கவனிக்கும் டவ்கொட் சேர்வரில் ‘பிஜன்ஹோல்’ என்ற இணைப்பு அதைக் கொண்டுவருகிறது. ஒரு நிபந்தனை: அஞ்சலைப் பெட்டியில் போடும் கடைசி வேலையை டவ்கொட்டே செய்ய வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ் நேரடியாகப் பெட்டியில் எழுதினால் சீவ் விதியை யாரும் பார்க்கமாட்டார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விடயம், போனில் இருந்தே பாவிக்கலாம் என்பது. ரவுண்ட்கியூப் போன்ற வலை அஞ்சல் பக்கத்தில் ‘மேனேஜ்சீவ்’ இணைப்பைப் போட்டு, அதன் முன்னனுப்பல் விருப்பத்தையும் இயக்கிவிட்டால், அமைப்புகளுக்குள் முன்னனுப்பலுக்கென்று ஒரு பகுதி வரும். முகவரியை எழுதி, பிரதி வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று தெரிவுசெய்து, சேமித்தால் முடிந்தது. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் ஒரு தாய்க்கும் கட்டளை வரி தெரிய வேண்டியதில்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்று பொறுப்பாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ‘ரிடைரெக்ட்’ என்ற கட்டளை வெளி முகவரிக்கு அனுப்புகிறது. தனியாக அதை மட்டும் எழுதினால் சேர்வரில் பிரதி தங்காது. அதோடு ‘கொப்பி’ என்ற குறியையும் சேர்த்தால் இரண்டு இடத்திலும் இருக்கும். புதியவர்களுக்கு முதல் மாதம் பிரதியோடு அமைத்துக் கொடுப்பது என் வழக்கம். வெளி முகவரியில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் கடிதம் தொலையாது.

விதியைப் பிரித்தும் எழுதலாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அஞ்சல் வந்தால் மட்டும் அண்ணனுக்கும் ஒரு பிரதி போகட்டும், மற்றதெல்லாம் தன் பெட்டிக்கே வரட்டும் என்று ஒரு மாணவி வைக்கலாம். தலைப்பில் தமிழ்ச் சொல்லைத் தேடும் விதிகளும் வேலை செய்யும். சீவ் கோப்பு யூனிகோட்டில் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டு வழிகளையும் ஒரே ஆளுக்கு ஒன்றாக வைக்காதீர்கள். ஒரு கடிதம் இரண்டு முறை போகும்போது எந்த விதி அனுப்பியது என்று தேடி அரை நாள் போய்விடும்.

வெளியே போகும் பாதை

முன்னனுப்பலில் பெரும்பாலான சிக்கல் இங்கேதான் வருகிறது. ஆகவே நிதானமாக வாசியுங்கள்.

கொழும்பிலுள்ள ஓர் அலுவலகம் உங்கள் பயனருக்கு அஞ்சல் அனுப்புகிறது. உங்கள் சேர்வர் அதை வாங்கி ஜிமெயிலுக்கு அனுப்புகிறது. ஜிமெயிலின் வாசலில் இப்போது நிற்பது உங்கள் சேர்வர். உறையின் மேல் இருப்பதோ கொழும்பு அலுவலகத்தின் பெயர். அந்த அலுவலகம் “எங்கள் பெயரில் அஞ்சல் அனுப்ப இந்தச் சேர்வர்களுக்கு மட்டுமே அனுமதி” என்று டொமைன் பதிவில் அறிவித்திருக்கும். எஸ்பிஎஃப் என்பது அந்த அறிவிப்புதான். உங்கள் சேர்வர் அந்தப் பட்டியலில் இல்லை. சோதனை தோற்கிறது, கடிதம் ஸ்பாம் பெட்டிக்குப் போகிறது, அல்லது வாசலிலேயே திருப்பப்படுகிறது.

இதற்கான மருந்து எஸ்ஆர்எஸ் என்ற அனுப்புநர் மாற்று முறை. கடிதத்தின் உள்ளே ‘அனுப்பியவர்’ என்று தெரியும் பெயரை அது தொடாது. உறையின் மேல் இருக்கும் திரும்பு முகவரியை மட்டும் உங்கள் டொமைனுக்கு மாற்றும். மாற்றிய முகவரிக்குள் மூல முகவரியும், ஒரு காலக்குறியும், உங்கள் சேர்வருக்கு மட்டுமே தெரிந்த இரகசியத்தால் போட்ட முத்திரையும் இருக்கும். அஞ்சல் திரும்பி வந்தால் அந்த முத்திரையைப் பார்த்து உண்மையான அனுப்புநருக்கே திருப்பிவிடும். போஸ்ட்ஃபிக்ஸுக்கு ‘போஸ்ட்எஸ்ஆர்எஸ்டி’ என்ற சிறு சேவை இதைச் செய்கிறது. அதை நிறுவும்போது உண்டாகும் இரகசியக் கோப்பை உங்கள் காப்புப் பிரதிகளோடு சேர்த்து வையுங்கள்.

எஸ்ஆர்எஸ் மட்டும் போதாது. கடிதத்தின் உள்ளே தெரியும் ‘அனுப்பியவர்’ டொமைனோடு எஸ்பிஎஃபோ, அனுப்பும் சேர்வர் கடிதத்தில் போடும் டிகிம் என்ற மின்கையொப்பமோ பொருந்த வேண்டும் என்று டிமார்க் என்ற இன்னொரு சோதனை கேட்கும். எஸ்ஆர்எஸ் போட்ட பிறகு எஸ்பிஎஃப் உங்கள் டொமைனுக்கே பொருந்தும், மூல டொமைனுக்குப் பொருந்தாது. எனவே மூல அனுப்புநர் போட்ட டிகிம் கையொப்பம்தான் கடிதத்தைக் காப்பாற்றும். அந்தக் கையொப்பம் கடிதத்தின் உடலையும் முக்கிய தலைப்பு வரிகளையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. தலைப்பின் முன்னால் சங்கத்தின் பெயரைச் சேர்ப்பது, அடியில் வாழ்த்து வரி ஒட்டுவது, இணைப்பைக் கழற்றுவது எல்லாம் கையொப்பத்தை உடைத்துவிடும். வந்த உறையைப் பிரிக்காமல் அனுப்புங்கள்.

2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயில், தனக்கு அஞ்சல் அனுப்பும் எல்லாச் சேர்வர்களிடமும் சில அடிப்படைகளைக் கேட்கிறது: எஸ்பிஎஃப் அல்லது டிகிம், சேர்வரின் ஐபி முகவரிக்குச் சரியான எதிர்ப்பெயர்ப் பதிவு, டிஎல்எஸ் குறியாக்கம். ஆகவே முன்னனுப்பலைத் திறக்கும் முன்:

• உங்கள் டொமைனுக்கு எஸ்பிஎஃப் பதிவு உண்டா?
• நீங்கள் அனுப்பும் அஞ்சலில் டிகிம் கையொப்பம் விழுகிறதா?
• ஐபி முகவரியைத் தேடினால் உங்கள் சேர்வரின் பெயர் வருகிறதா? இதைச் சேர்வர் வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்திடம் கேட்டே மாற்ற வேண்டும்.
• டிஎல்எஸ் சான்றிதழ் காலாவதியாகாமல் தானாகப் புதுப்பிக்கப்படுகிறதா?

ஸ்பாமும் வளையமும்

உங்கள் சேர்வருக்கு வரும் ஸ்பாமையும் நீங்களே ஜிமெயிலுக்குத் தூக்கிக் கொடுத்தால், ஜிமெயில் பார்வையில் அதை அனுப்பியவர் நீங்கள்தான். சில வாரங்களில் உங்கள் சேர்வரின் பெயர் கெட்டு, நல்ல கடிதங்களும் தேங்கும். ஆகவே ஸ்பாமைச் சலிக்கும் ஆர்ஸ்பாம்டி போன்ற நிரலை வாசலிலேயே வையுங்கள். தெளிவான ஸ்பாமை ஏற்காமல் மறுத்துவிடுங்கள். சந்தேகமானதைச் சேர்வரிலுள்ள ஸ்பாம் பெட்டியில் வைத்திருங்கள், முன்னனுப்பாதீர்கள். வாரம் ஒருமுறை அந்தப் பெட்டியைப் பார்க்கும்படி பயனர்களுக்குச் சொல்லுங்கள்.

வளையம் என்பது இரண்டு பெட்டிகள் ஒன்றுக்கொன்று முன்னனுப்புவது. ஓர் ஆசிரியை சங்க முகவரியிலிருந்து ஜிமெயிலுக்கும், ஜிமெயிலிலிருந்து சங்க முகவரிக்கும் அனுப்பும்படி வைத்துவிட்டார் என்று வையுங்கள். கடிதம் மலைப்பாதை பஸ் மாதிரி வளைந்து வளைந்து ஓடும். போஸ்ட்ஃபிக்ஸ் ஒவ்வொரு கடிதத்திலும் ‘டெலிவர்ட் டு’ என்ற அடையாளம் போட்டு வளையத்தைக் கண்டுபிடிக்கும். அது தப்பினாலும், கடிதம் கடந்த சேர்வர்களின் எண்ணிக்கை 50ஐத் தாண்டினால் நிறுத்திவிடும். ஆயினும் அடிக்கடி நடந்தால் உங்கள் சேர்வரின் பெயருக்கு நல்லதல்ல. புதிய முகவரி கேட்கும்போதே “அங்கிருந்து இங்கே திருப்பி வைத்திருக்கிறீர்களா?” என்று கேட்டுவிடுங்கள்.

மழையும் மின்வெட்டும்

தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மரம் விழுந்து மின்கம்பி அறுவது புதிதல்ல. 2022இல் நாடு முழுவதும் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்சாரம் போனதையும் மறக்க முடியாது. சேர்வரைப் பாடசாலை அறையின் மேசையில் வைக்காதீர்கள். சங்கத்தின் கையிருப்புக்கு ஏற்ற சிறு மெய்நிகர் சேர்வரைத் தரவு மையத்தில் வாடகைக்கு எடுங்கள்.

அஞ்சல் முறையே இத்தகைய தடைகளை எண்ணி வடிவமைக்கப்பட்டது. போக வேண்டிய இடம் பதில் சொல்லாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் கடிதத்தை வரிசையில் வைத்து மறுபடி மறுபடி முயலும். அமைப்பை மாற்றாத வரை 5 நாள் வரை வைத்திருக்கும், அதன் பிறகே அனுப்புநருக்குத் திருப்பும். அந்த 5 நாளைக் குறைக்காதீர்கள். வரிசையில் என்ன தேங்கியிருக்கிறது என்பதை ‘மெயில்கியூ’ கட்டளை காட்டும். காலையில் ஒருமுறை பார்ப்பது நல்ல பழக்கம்.

சோதனை

அமைத்த பிறகு இந்த ஒழுங்கில் சோதியுங்கள்.

1. முற்றிலும் வேறான ஒரு வெளிக்கணக்கிலிருந்து அஞ்சல் அனுப்புங்கள். முன்னனுப்பல் போய்ச் சேரும் அதே ஜிமெயில் கணக்கிலிருந்து அனுப்பினால், ஜிமெயில் தன் சொந்தக் கடிதத்தை அடையாளம் கண்டு உள்பெட்டியில் காட்டாமல் விடும். “வரவில்லை” என்று நீங்கள் ஏமாந்துபோவீர்கள்.

2. சேர்வரின் அஞ்சல் குறிப்பேட்டைத் திறந்து அந்தக் கடிதத்தின் அடையாளத்தைத் தேடுங்கள். ‘சென்ட்’ என்றால் அடுத்த சேர்வர் ஏற்றுக்கொண்டது. ‘டிஃபர்ட்’ என்றால் வரிசையில் காத்திருக்கிறது. ‘பவுன்ஸ்ட்’ என்றால் திருப்பப்பட்டது. அருகிலேயே காரணமும் இருக்கும்.

3. போய்ச் சேர்ந்த பெட்டியில் கடிதத்தின் மூல வடிவத்தைத் திறந்து எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றின் முடிவையும் வாசியுங்கள்.

4. இல்லாத ஒரு முகவரிக்கு முன்னனுப்பலை வைத்து ஒரு கடிதம் விடுங்கள். திரும்பும் அறிவிப்பு உண்மையான அனுப்புநருக்குப் போகிறதா என்று பாருங்கள். எஸ்ஆர்எஸ் சரியாக வேலை செய்கிறதா என்பதற்கு இதுவே சாட்சி.

பொறுப்பாளர் கைக்கொள்ள வேண்டியவை

சேர்வரின் ரூட் கடவுச்சொல் உள்ளவருக்கு எல்லோருடைய கடிதமும் திறந்த உறைதான். அதனால்தான் நான்கு விதிகளை எழுதி ஒட்டி வைக்கச் சொல்கிறேன்.

பயனர் கேட்காமல் அவருடைய பெயர் முகவரிக்கு முன்னனுப்பல் வைக்கக் கூடாது. தலைவர் கேட்டாலும், தோட்டத் துரை கேட்டாலும், பெற்றோர் கேட்டாலும் இதே பதில்தான். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நம் நாடு இயற்றியிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இது அடிப்படை மரியாதை.

புதிய முகவரி பயனருடையதுதானா என்று உறுதி செய்யுங்கள். அந்த முகவரிக்கு ஒரு குறியீட்டு எண்ணை அனுப்பி, அவர் அதை வாசித்துச் சொன்ன பிறகே தொடங்குங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அவருடைய அடையாள அட்டைப் பிரதி முகம் தெரியாத ஒருவர் பெட்டியில் விழும்.

மாதம் ஒருமுறை எல்லா முன்னனுப்பல்களையும் பட்டியலிட்டு, ஒவ்வொருவருக்கும் “உங்கள் அஞ்சல் இப்போது இந்த முகவரிக்குப் போகிறது” என்று அறிவியுங்கள். கணக்கைத் திருடுகிறவர்கள் கடவுச்சொல்லை மாற்றாமல், சத்தமில்லாமல் ஒரு முன்னனுப்பலை வைத்துவிட்டுப் போவது உலகமெங்கும் நடக்கும் தந்திரம். அறிவிப்பைப் பார்த்தவர்தான் அதை முதலில் கண்டுபிடிப்பார்.

விலகிப் போகிறவருக்கு ஒரு வருடமாவது முன்னனுப்பலை வைத்திருங்கள். நிறுத்தும் நாளுக்கு முன், அனுப்புகிறவர்களுக்குப் புதிய முகவரியைச் சொல்லும் தமிழ்த் தானியங்கிப் பதிலை அவரே எழுதிக்கொள்ள விடுங்கள். சீவிலேயே அதற்கும் வழி உண்டு.

கடைசியாக ஒன்று. முன்னனுப்பலை வைக்கச் சொல்லிக் கொடுக்கும் அன்றைக்கே, அதை நிறுத்தவும் சொல்லிக் கொடுங்கள். சென்ற சித்திரை விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து வந்த ஒரு பிள்ளை என் வீட்டு முன்றலில் நின்றபடி போனை எடுத்தாள். பழைய முகவரியை அழித்தாள், புதியதை எழுதினாள், குறியீட்டு எண்ணைச் சரிபார்த்தாள், இன்னொருவர் போனிலிருந்து தனக்குத்தானே ஒரு சோதனைக் கடிதம் அனுப்பினாள். ஒரு நிமிடத்துக்குள் போன் சிணுங்கியது. நான் ஒன்றுமே செய்யவில்லை. உங்கள் சேர்வரிலும் ஒவ்வொருவரும் இப்படித் தானே செய்துகொள்ளும் நாளில்தான் இந்த அத்தியாயத்தின் வேலை முடிகிறது.